பேர்மிற் காணியும் உறுதிக் காணியும்: திருகோணமலையில இருந்து சமஷ்டியைப் படித்தல்

எங்கட வயசுக்காரர் ஒருத்தரும் இதுவரை மாகாண சபைத் தேர்தலில் வாக்குப் போட்டதில்லை. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பர் 8ஆம் திகதி. அப்ப நாங்கள் ஆரம்பப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சபையின் காலம் 2017 செப்டம்பர் 30 உடன் முடிந்தது. இதை எழுதும் வரைக்கும் அடுத்த சபை வரவில்லை. ஆனால் மாகாண சபையின் அலுவலகங்கள் திருகோணமலையில் வழமைபோல இயங்குகின்றன. ஆளுநர் இருக்கிறார், செயலாளர்கள் இருக்கிறார்கள், திணைக்களங்கள் இருக்கின்றன. வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த ஆக்கள் மட்டும்தான் இல்லை.

அன்புவழிபுரத்தில் இதைப் பற்றிக் கதைத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சபை இருந்தென்ன, இல்லாட்டி என்ன?" அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நாங்கள் வேறொரு இடத்தில் இருந்து யோசித்துப் பார்ப்பம். கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் ஒன்ராறியோ மாகாணத் தேர்தல் பற்றிப் போனில் கதைப்பார்கள். ஒட்டாவாவில் இருக்கிற பிரதமர் நினைத்தால் ஒன்ராறியோவின் தேர்தலை எட்டு வருசம் நடத்தாமல் விடலாமோ? முடியாது. எந்தச் சட்டமன்றமும் ஐந்து வருசத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று கனடாவின் அரசியலமைப்பே சொல்கிறது. போர்க்காலம் போன்ற நெருக்கடியில் மட்டும் அதை நீட்டலாம், அதையும் அந்தந்தச் சட்டமன்றம்தான் தீர்மானிக்கும்.

அங்க முடியாதது இஞ்ச எப்படி முடிகிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

இரண்டு வகைக் காணி

எங்கட பக்கத்து ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு லேசான வழி இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படுகிற பேர்மிற் காணியை எல்லாருக்கும் தெரியும். வீடு கட்டலாம், தென்னை வைக்கலாம், பிள்ளைகளை வளர்க்கலாம். ஆனால் நினைத்தபடி விற்க முடியாது. நிபந்தனையை மீறினதாகச் சொன்னால் பேர்மிற்றையே ரத்துச் செய்யலாம். உறுதிக் காணி அப்படியில்லை. அது உங்கட பெயரில் எழுதப்பட்டது. உங்கட கையெழுத்து இல்லாமல் மற்றவர் அதைத் தன்ர பெயருக்கு மாற்ற முடியாது.

அதிகாரப் பரவலாக்கம் பேர்மிற் காணி. சமஷ்டி உறுதிக் காணி. இரண்டு காணியும் ஒரே அளவாக இருக்கலாம், ஒரே மரங்கள் நிற்கலாம். வித்தியாசம் பரப்பளவில் இல்லை. கொடுத்தவர் தனியாகத் திருப்பி எடுக்கலாமா என்பதில்தான் இருக்கிறது.

"சமஷ்டிப் பாராளுமன்ற முறை" என்ற பெயரில் இரண்டு விசயம் சேர்ந்திருக்கிறது. பாராளுமன்ற முறை என்றால் அரசாங்கம் சபையின் நம்பிக்கையில் உயிர்வாழும். சபை நம்பிக்கை இழந்தால் பிரதமரும் அமைச்சர்களும் போகவேண்டியதுதான். சமஷ்டி என்றால் இப்படியான அரசாங்கம் இரண்டு மட்டத்தில் இருக்கும், இரண்டும் அரசியலமைப்பில் இருந்தே அதிகாரம் பெறும். மாகாண முதலமைச்சர் மாகாணச் சபைக்குப் பதில் சொல்வார், மத்திய பிரதமருக்கு இல்லை.

இது நிலைக்க வேணும் என்றால் நாலு பூட்டு தேவை. முதலாவது, எந்த விசயம் யாருக்கு என்று அரசியலமைப்பிலேயே எழுதிய நிரல். இரண்டாவது, மத்தியில் சட்டம் ஆக்கும்போது மாகாணங்களுக்கும் குரல் தருகிற இரண்டாம் சபை. அவுஸ்திரேலியாவின் செனற்றில் சனத்தொகை குறைந்த தஸ்மேனியாவுக்கும் பெரிய நியூ சவுத் வேல்ஸுக்கும் தலா 12 இடங்கள். மூன்றாவது, இரண்டு பக்கமும் சண்டை பிடித்தால் தீர்ப்புச் சொல்கிற சுதந்திரமான நீதிமன்றம். நாலாவது, ஒரு பக்கம் தனியாக இந்த ஏற்பாட்டை மாற்ற முடியாதபடி திருத்த விதி. அவுஸ்திரேலியாவில் அரசியலமைப்பைத் திருத்த வேணும் என்றால் நாடு முழுவதிலும் பெரும்பான்மை வேணும், அதோட ஆறு மாநிலங்களில் நாலிலும் பெரும்பான்மை வேணும்.

இந்த நாலு பூட்டையும் கையில் வைத்துக்கொண்டு எங்கட வரலாற்றைத் திறந்து பார்ப்பம்.

முதலில் கேட்டது யார்?

சமஷ்டி என்றவுடன் அது தமிழர் கேட்டது, பிரிவினைக்கு முதல் படி என்றுதான் தெற்கில் கனபேர் நினைக்கிறார்கள். வரலாறு வேற மாதிரி. 1926இல் ஒக்ஸ்ஃபோட்டில் இருந்து திரும்பி வந்த இளம் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க இலங்கைக்குச் சமஷ்டிதான் பொருத்தம் என்று பத்திரிகையில் எழுதினார், யாழ்ப்பாணத்துக்கு வந்தும் அதையே பேசினார். அதன் பிறகு டொனமூர் ஆணைக்குழு வந்தபோது கண்டித் தேசிய சபை மூன்று அலகுகள் கொண்ட சமஷ்டியைக் கேட்டது: கரையோரச் சிங்களவருக்கு ஒன்று, கண்டிச் சிங்களவருக்கு ஒன்று, வடக்கு கிழக்குக்கு ஒன்று. அந்த நேரம் தமிழ்த் தலைவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கொழும்பிலேயே தங்களுக்குரிய பங்கைப் பெறலாம் என்று அவர்கள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை 1948இல் உடைந்தது. சுதந்திரம் கிடைத்த அதே வருசம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவில் சிறுபான்மையினருக்கு ஒரு பாதுகாப்பு எழுதியிருந்தது. ஆனால் அது ஒரு பிரிவு மட்டும்தான், அதைக் காக்க வேற பூட்டு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்துச் செனற் சபை 1971 வரை இருந்தது. அதன் 30 உறுப்பினரில் பாதிப்பேரைக் கீழ்ச்சபை தெரிவுசெய்தது, பாதிப்பேரை ஆளுநர் நாயகம் நியமித்தார். மாகாணங்களின் குரலுக்கு அதில் இடமே இல்லை.

1949 டிசம்பரில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தொடங்கிய கட்சி ஆங்கிலத்தில் 'ஃபெடரல் பார்ட்டி', தமிழில் 'தமிழரசுக் கட்சி'. ஒரே கட்சி, இரண்டு பெயர். ஒன்று கூட்டாட்சி என்கிறது, மற்றது அரசு என்கிறது. எதிராளிகள் தங்களுக்கு வசதியான பெயரை எடுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

1956, திருகோணமலை

1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அந்த ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி பாதயாத்திரையாகத் திருகோணமலைக்கு வந்தது. பல திசைகளில் இருந்தும் ஆக்கள் நடந்து வந்து சேர்ந்தார்கள். ஓகஸ்ட் 19 நடந்த மாநாட்டில் நாலு கோரிக்கை வைக்கப்பட்டது: சமஷ்டி அரசியலமைப்பு, தமிழுக்குச் சிங்களத்தோடு சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குப் பிரஜாவுரிமை, தமிழ் பேசும் பகுதிகளில் அரசு நடத்துகிற குடியேற்றத்தை நிறுத்துவது. ஒரு வருச அவகாசமும் கொடுத்தார்கள்.

ஏன் திருகோணமலை? யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு மாநாடு வைத்திருந்தால் அது யாழ்ப்பாணத்துக் கோரிக்கையாகப் போயிருக்கும். வடக்கையும் கிழக்கையும் தொடுக்கிற மூட்டு திருகோணமலை. குடியேற்றமும் காணியும் இஞ்சதான் அன்றாடப் பிரச்சினை. அந்த நாலு கோரிக்கையும் ஒன்றோடொன்று கட்டியவை என்பது இந்த மண்ணில் நின்று பார்த்தால்தான் விளங்கும். காணியை யார் பிரித்துக் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் சமஷ்டி என்ற சொல்லுக்கு இஞ்ச ஒரு பெறுமதியும் இல்லை.

அவகாசம் முடிய முதலே, 1957 ஜூலை 26, பண்டா-செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது. வடக்குக்கு ஒரு பிராந்திய சபை, கிழக்குக்கு இரண்டோ கூடவோ. விவசாயம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, காணி, குடியேற்றம் எல்லாம் அந்தச் சபைகளுக்கு. செல்வநாயகம் கேட்ட சமஷ்டி இல்லை இது, பாராளுமன்றம் சட்டத்தால் கொடுக்கிற அதிகாரம். பேர்மிற் காணிதான். அதுகூட மிஞ்சவில்லை. ஜே. ஆர். ஜயவர்தன எதிர்ப்புத் தெரிவித்துக் கண்டிக்கு நடைபயணம் தொடங்கினார். 1958 ஏப்ரல் 9 பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து இருந்தார்கள், ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1926இல் சமஷ்டி பேசிய அதே பண்டாரநாயக்கதான் அதைக் கிழித்தார்.

1965இல் டட்லி சேனநாயக்கவோடு அடுத்த ஒப்பந்தம். இந்த முறை மாவட்ட சபைகள். தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபைச் சட்டமூலம் 1968இல் கைவிடப்பட்டது. அதே வருசம் திருகோணமலையில் இன்னொரு விசயம் நடந்தது. கோணேசர் கோயில் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய அமைச்சர் திருச்செல்வம் ஒரு குழு போட்டார். ஒரு பிக்குவிடம் இருந்து எதிர்ப்பு வந்தது. பிரதமர் அந்தக் குழுவை நிறுத்தினார். அமைச்சர் பதவி விலகினார்.

பாராளுமன்ற முறை மட்டும் இருந்து சமஷ்டி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல பாடம். அமைச்சரவையில் இடம் கிடைக்கலாம். ஆனால் அமைச்சர் பிரதமரின் விருப்பத்தில் இருக்கிறார், பிரதமர் பெரும்பான்மையின் வாக்கில் இருக்கிறார். திருகோணமலைக் கோயில் ஒன்றைப் பற்றி ஆராய்கிற குழுவுக்குக்கூட அந்தச் சங்கிலியைத் தாண்டி உயிர் இல்லை.

'ஒற்றையாட்சி' என்ற சொல்

சோல்பரி அரசியலமைப்பில் இலங்கை ஒற்றையாட்சி நாடு என்று எழுதியிருக்கவில்லை. நடைமுறையில் அப்படித்தான், ஆனால் சொல் இல்லை. 1971 மார்ச்சில் அரசியல் நிர்ணய சபையில் அந்தச் சொல் வந்தபோது, அதற்குப் பதிலாகச் சமஷ்டி என்று போடச் சொல்லித் தமிழரசுக் கட்சி சார்பில் வி. தர்மலிங்கம் திருத்தம் கொண்டுவந்தார். தோற்றது. 1972 அரசியலமைப்பில் ஒற்றையாட்சி எழுதப்பட்டது, 29ஆம் பிரிவும் இல்லாமல் போனது. 1978 அரசியலமைப்பு அதை இன்னும் இறுக்கியது. இப்ப அந்த 2ஆம் உறுப்புரையை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் வேணும், நாடு முழுவதற்குமான சர்வசன வாக்கெடுப்பும் வேணும்.

பூட்டு எப்படிப் போடுவது என்று கொழும்புக்கு நல்லாத் தெரியும் என்பதை இதில் கவனியுங்கோ. ஒற்றையாட்சிக்கு அந்தப் பூட்டு இருக்கிறது. மாகாணத்துக்கு இல்லை.

எங்கட ஊரில் ஒரு சபை

1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அதைத் தொடர்ந்து 13ஆம் திருத்தம். 1957இல் பிராந்திய சபைக்கு எதிராக நடந்த அதே ஜே. ஆர். ஜயவர்தனதான் கையெழுத்துப் போட்டார். மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கியை நிரல் என்று இந்தியாவைப் பார்த்து மூன்று நிரல். முதல் பூட்டு கிடைத்துவிட்டது என்று தோன்றும்.

ஆனால் திருத்தம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒன்பது நீதியரசர்கள் ஐந்துக்கு நாலு என்று பிரிந்தார்கள். சர்வசன வாக்கெடுப்பு இல்லாமலே இதை நிறைவேற்ற வழிவிட்ட தரப்பின் நியாயம் என்ன தெரியுமோ? மாகாண சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவை, ஆகவே ஒற்றையாட்சிக்குச் சேதம் இல்லை. அதாவது, பேர்மிற் காணி என்பதால்தான் அனுமதி கிடைத்தது. இந்தத் தீர்ப்பை வாசிக்காமல் 13ஐப் பற்றிக் கதைப்பதில் பலன் குறைவு.

உள்ளே பார்த்தால் அது இன்னும் தெளிவாகும். ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி, அவர் விரும்பும் வரைதான் ஆளுநர் பதவியில் இருப்பார். முதலமைச்சரின் ஆலோசனைப்படி நடக்க வேணும் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறது. எது தன் தற்றுணிபுக்கு உட்பட்டது என்பதை ஆளுநரே தீர்மானிக்கலாம் என்று மறுபக்கம் எழுதியிருக்கிறது. சபையின் நியதிச்சட்டத்துக்கு ஆளுநரின் சம்மதம் வேணும். ஒதுக்கிய நிரலின் தொடக்கத்திலேயே "சகல விடயங்கள் மீதான தேசியக் கொள்கை" மத்திக்கு என்று இருக்கிறது. பிறகு மாகாணத்துக்கு எதைக் கொடுத்தாலும் அதன் கொள்கை கொழும்பில். காணிக்கென்று அமைக்கச் சொன்ன தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவே இல்லை.

எங்கட சபையின் கதை இதுக்கு மேல. 1988இல் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன, தலைமையகம் திருகோணமலை. அந்த நவம்பரில் தேர்தல், வரதராஜப்பெருமாள் முதலமைச்சர். 1990 மார்ச் 1 அந்தச் சபை சுதந்திரப் பிரகடனத் தீர்மானம் எடுத்தது. பாராளுமன்றம் சாதாரண சட்டம் ஒன்றால் சபையைக் கலைக்க வழி செய்தது, சபை கலைந்தது. இது முதல் தடவை. பிறகு 18 வருசம் ஆளுநர் ஆட்சி. 2006 ஒக்டோபர் 16 உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது, 2007இல் இருந்து இரண்டு மாகாணம். இணைந்திருப்பதா பிரிவதா என்று கிழக்கு மக்களிடம் கேட்பதாகச் சொன்ன வாக்கெடுப்பு வருசா வருசம் பின்போடப்பட்டதே தவிர நடக்கவில்லை. எல்லையே எங்களைக் கேட்காமல் வந்தது, எங்களைக் கேட்காமல் போனது. இது இரண்டாம் தடவை.

2008 மே 10 கிழக்குக்குத் தேர்தல், பிறகு 2012இல் ஒன்று. 2017இல் காலம் முடிகிற நேரத்தில் பாராளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலம் வந்தது. பெண்களின் பிரதிநிதித்துவத்துக்கென்று வந்த அந்தச் சட்டமூலம் குழுநிலையில் வேறு உருவம் எடுத்தது. தேர்தல் முறையே மாறியது, புதிய தொகுதி எல்லை வேணும் என்றானது. அந்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறை நீங்கிவிட்டது, புதிய முறை வரவில்லை. மாகாண சபைத் தேர்தலை யாரும் தடைசெய்யவில்லை, நடத்தச் சட்டம் இல்லாமல் பண்ணிவிட்டார்கள். இது மூன்றாம் தடவை. கூட்டிப் பார்த்தால், 1988 தேர்தலில் இருந்து 2017 வரையான 29 வருசத்தில் திருகோணமலையில் தெரிவுசெய்யப்பட்ட சபை இருந்தது ஏறத்தாழ 11 வருசம்.

ஒருமுறை பூட்டு வேலை செய்தது

13இல் ஒரு சின்னப் பூட்டு இருக்கிறது. மாகாண விடயத்தில் பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேணும் என்றால் எல்லா மாகாண சபைகளிடமும் கருத்துக் கேட்க வேணும். ஒரு சபையாவது சம்மதிக்காவிட்டால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. 2012இல் திவிநெகும சட்டமூலம் வந்தபோது உயர் நீதிமன்றம் இதைப் பிடித்து நிறுத்தியது. கிழக்கு உட்பட எட்டுச் சபைகள் ஆம் என்றன. வடக்கில் சபை இல்லை, ஆளுநர் சம்மதம் கொடுத்தார். மக்கள் தெரிவுசெய்த சபைக்குப் பதிலாக ஆளுநர் பேச முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அதே காலத்தில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீது பாராளுமன்றத்தில் குற்றப்பிரேரணை வந்தது. 2013 ஜனவரியில் சட்டமூலம் மூன்றில் இரண்டால் நிறைவேறியது, அதே மாதம் அவர் பதவி நீக்கப்பட்டார்.

முதல் பூட்டும் மூன்றாம் பூட்டும் இருந்தன. மற்ற இரண்டும் இல்லாததால் இவை தாங்கவில்லை.

சமஷ்டி வந்தால் எல்லாம் சரியா?

இல்லை. துறைமுகத்தை எடுங்கோ. 2022 ஜனவரியில் திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் பற்றி ஒப்பந்தம் நடந்தது: 99 குதத்தில் 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு. அப்ப மாகாண சபையே இல்லை. இருந்திருந்தாலும் துறைமுகம் மத்திக்குரியது. சமஷ்டி நாடுகளிலும் அப்படித்தான். இந்தியாவில் பெரிய துறைமுகங்கள் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. சமஷ்டி எங்களுக்குத் துறைமுகத்தைத் தராது. ஆனால் அதைப் பற்றி முடிவெடுக்கிற மத்தியில் இரண்டாம் சபை ஒன்று இருந்தால் அங்கே கேள்வி கேட்க ஆள் இருந்திருக்கும்.

இந்தியாவும் முழு உறுதிக் காணி இல்லை. 356ஆம் உறுப்புரையை வைத்து 1976இலும் 1991இலும் தி.மு.க. அரசைக் கலைத்தார்கள். 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. ஆனாலும் ஜம்மு காஷ்மீர் 2019இல் மாநிலம் என்ற நிலையையே இழந்தது. சட்டமன்றம் 2018இல் கலைந்த பிறகு 2024 வரை அங்கே தேர்தல் இல்லை. நாலாம் பூட்டு பலவீனமாக இருந்தால் 'மாநிலம்' என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது.

இன்னொன்றும் சொல்ல வேணும். திருகோணமலை மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதிக்கு மேல் இல்லை. முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம். கொழும்பிடம் நாங்கள் கேட்கிற பூட்டை, மாகாணத்துக்குள் சிறுபான்மையாக இருப்பவர் எங்களிடம் கேட்பார். கேட்க உரிமை இருக்கிறது. கனடாவில் ஒன்ராறியோவில் இருக்கிற பிரெஞ்சுக்காரருக்கும் கியூபெக்கில் இருக்கிற ஆங்கிலேயருக்கும் தங்கள் மொழியில் பாடசாலை என்பது அரசியலமைப்பு உரிமை, மாகாணம் நினைத்தால் எடுக்க முடியாது. அந்த விதியை எழுதாமல் வரைகிற சமஷ்டி, ஆளை மாற்றிப் பேர்மிற் கொடுக்கிற வேலைதான்.

பயம் ஒன்றும் இனித் தேவையில்லை. 2017 ஓகஸ்ட் 4 உயர் நீதிமன்றம், தமிழரசுக் கட்சிக்கு எதிரான வழக்கில், சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பது ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதைக் கதைப்பது சட்டவிரோதம் என்று யாராவது வெருட்டினால் அந்தத் திகதியைச் சொல்லுங்கோ.

புதிய அரசியலமைப்பு வரும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள். வரைவு ஒன்று கையில் கிடைத்தால் நாங்கள் முதலில் அதிகாரங்களின் நிரலை எண்ணிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஆளுநரை யார் நீக்கலாம்? சபையின் தேர்தலை யார் பின்போடலாம்? எல்லையை யார் மாற்றலாம்? இந்த ஏற்பாட்டை யார் திருத்தலாம், யாருடைய கையெழுத்து இல்லாமல் திருத்தலாம்? இந்த நாலு வரியைத் தேடிப் பாருங்கோ. நாலுக்கும் விடை கொழும்பு மட்டும் என்றால், பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் அது பேர்மிற்தான்.

அதுவரைக்கும் கேட்கக்கூடிய சின்ன விசயம் ஒன்று இருக்கிறது. எங்கட பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. தேர்தலை வையுங்கோ.